கம்ப்யூட்டர் படிப்பு: மேலேயே சேர்க்கவா, கீழே அனுப்பவா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தானும் கொஞ்சம் மைஎஸ்கியூஎல்லும். இரண்டு வருடம் என்னிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சரம்மா, கம்ப்யூட்டருக்கே போடலாம்னு இருக்கோம். மேலேயே சேர்க்கவா, கீழே அனுப்பவா?"

மேலே என்றால் ஊட்டி, குன்னூர், கூடலூர். கீழே என்றால் மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவை. எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் பதிலை எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று சொல்ல முடியும்.

போன வருடம் ஒரு தகப்பனார் மகளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஒன்றரை ஏக்கர் தேயிலை. மேசை மேல் இரண்டு தாள்களை விரித்தார். ஒன்று, பச்சைத் தேயிலை போட்டதற்கு ஃபேக்டரி கொடுத்த மாதச் சீட்டு. இன்னொன்று, ஹட்டிக்கு (எங்கள் மலைக் கிராமத்துக்கு) வந்துபோன ஏஜென்ட் கொடுத்த கல்லூரி நோட்டீஸ். அதன் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது: வருடத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம், ஹாஸ்டலோடு. நான்கு வருடத்துக்குப் பெருக்கினால் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். படிப்பு, 'செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல்'. பெண்ணின் கட்-ஆஃப், அதாவது பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கிடும் மதிப்பெண், 200-க்கு 152.

முதலில் சலுகைகளைப் பார்த்தோம். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் விவரம் தெரியாமல் நஷ்டப்படுகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ஆனால் இந்தப் பெண் பத்தாவது வரை மெட்ரிகுலேஷன் பள்ளி, பிளஸ் ஒன்னுக்குத்தான் எங்களிடம் வந்தாள். ஒதுக்கீடு கிடையாது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் அதே காரணத்தால் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை இருந்தால், அரசு நடத்தும் சேர்க்கைக் கவுன்சலிங்கில் எடுக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணம் ஏறத்தாழ பாதியாகும். அண்ணன் ஏற்கெனவே பி.காம். முடித்துவிட்டதால் அதுவும் போனது. ஆக, ஏஜென்ட் எழுதிய தொகையை அப்படியே கையிலிருந்து கட்ட வேண்டிய நிலை.

இவளுக்கு நேர் எதிராக இன்னொரு மாணவன். தோட்டத் தொழிலாளியின் மகன், ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி, வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவன். அவனிடம் நான் யோசிக்கக்கூடச் சொல்லவில்லை, கீழே போ என்றேன். பொதுப் போட்டியில் கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி. (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஆகியவற்றில் கம்ப்யூட்டர் பிரிவு கேட்டால் பொதுவாக 190-க்கு மேல் வேண்டும். 7.5 ஒதுக்கீட்டில் அதைவிடக் குறைவான மதிப்பெண்ணுக்கே நல்ல கல்லூரியின் கதவு திறக்கும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் இருக்கிறது. இந்த வழி இருக்கிறவர்கள் மலையை விட்டுப் போகப் பயப்பட வேண்டாம். இடம் கிடைத்தபின் பயந்து வேண்டாமென்று சொன்ன இரண்டு பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

சலுகை எதுவும் இல்லாமல், 140-க்கும் 165-க்கும் நடுவில் கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான் ஒப்பீடு கடினம். அவர்கள் முன்னால் இரண்டு பாதைகள்: கீழே ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் பி.இ. அல்லது பி.டெக்., இல்லையென்றால் மேலேயே பி.எஸ்சி. கணினி அறிவியல்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீடு என்றால் 85,000-ம் 87,000-ம். ஏஜென்ட் மூலமாகப் போனால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரிசைதான். அதன் மேல் விடுதி, பேருந்து, சீருடை, 'இதர கட்டணம்'. அதே கல்லூரிக்குக் கவுன்சலிங்கில் போயிருந்தால் குறைந்திருக்கும் என்பதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

மேலே, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வருடச் செலவு சில ஆயிரங்களோடு நிற்கும். விண்ணப்பிக்க 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆகமொத்தம் ஐம்பது. கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாக முப்பது கிலோமீட்டருக்குள் ஊட்டி. மலைப் பகுதிச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2024 முதல் கட்டணம் கிடையாது. 1822-ல் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கிய கல் பங்களாதான் அந்தக் கல்லூரி. 1955-லிருந்து எத்தனையோ மலைப் பிள்ளைகள் வீட்டின் முதல் டிகிரியை அங்கிருந்து வாங்கியிருக்கிறார்கள். கூடலூர், பந்தலூர் பிள்ளைகளுக்கு கூடலூர் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. ஜூன், ஜூலை மழையில் நடுவட்டம் ஏறி ஊட்டிக்கு வர வேண்டியதில்லை. குன்னூரில் பெண்களுக்கு பிராவிடன்ஸ் கல்லூரி. அங்கே கட்டணம் அரசுக் கல்லூரியைவிடக் கூடுதல்தான். ஆனால் வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால், கோவையில் ஹாஸ்டலுக்கு மட்டும் ஆகும் செலவில் பாதிகூட ஆகாது.

பணத்தில் மேலே ஜெயித்துவிட்டது. தரத்தில்?

தரம் என்றதும் பாடத்திட்டத்தைக் காட்டுகிறார்கள். கீழேயுள்ள, தன்னாட்சி (சொந்தமாகப் பாடத்திட்டமும் தேர்வும் வைக்கும் உரிமை) இல்லாத பொறியியல் கல்லூரி எதுவானாலும் பாடத்திட்டமும் தேர்வும் அண்ணா பல்கலைக்கழகத்துடையவைதான். அதிகக் கட்டணம் வாங்கும் கல்லூரிக்கு வேறு பாடம் வந்துவிடுவதில்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் ஆகிய நான்கும் பி.இ.யிலும் உண்டு, பி.எஸ்சி.யிலும் உண்டு, பி.சி.ஏ.விலும் உண்டு. பி.இ.யில் கணிதம் ஆழம், வருடம் ஒன்று கூடுதல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புதுப் பெயரோடு வந்திருக்கும் பிரிவுகளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். போன வருடம் வரை வேறு பிரிவு நடத்திய அதே ஆசிரியர்கள்தான் சில இடங்களில் இந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நடத்துகிறார்கள்.

என் கணக்கில் தரம் என்பது ஒன்றே ஒன்று: பிள்ளை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தன் கையால் புரோகிராம் எழுதுகிறது?

இதைக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். லேப் திறந்திருக்கும் நேரத்தில் போங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல இடங்களில் புரோகிராமை ஓட்டிப் பார்க்கும் முன்பே நோட்டில் அவுட்புட் வரை அழகாக எழுதியிருக்கும், முந்தைய பேட்ச் நோட்டிலிருந்து. "இந்த லூப்பில் எண்ணைப் பத்திலிருந்து ஐந்தாக மாற்றினால் என்ன வரும்?" என்று கேளுங்கள். மாணவர் கீபோர்டைத் தேடினால் நல்லது. நோட்டைப் புரட்டினால் அந்த லேப் காட்சிக்கு. என்னிடம் படித்த ஒரு பையன் மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் இப்படி நோட்டு எழுதியே ஓட்டினான். விலகி வர நினைத்தபோது ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்திருக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) இரண்டின் விதி. அதைச் சொல்லி மூன்று முறை அலைந்த பிறகுதான் கைக்கு வந்தது. சேரும்போது ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

மேலேயுள்ள கல்லூரிகளிலும் குறை உண்டு. ஒரு கணினிக்கு இரண்டு பேர், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்த ஆரம்பிக்கும், அன்றைய லேப் அதோடு முடிந்தது. கம்பெனிகள் வளாகத்துக்கு வருவது குறைவு. வந்தாலும் பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டதாரிகளுக்குத் தொடக்கச் சம்பளம் பி.இ.யைவிடக் குறைவாகவே வைக்கிறார்கள். இந்தக் குறைகளை நிரப்ப வழி இருந்தால்தான் மேலே சேரச் சொல்வேன்.

வழி இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு, இப்போது தரவு அறிவியலில் பி.எஸ். பட்டம். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். உள்ளே போனதும் முதல் கட்டத்தில் எட்டுப் பாடங்கள்: கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, கணினிச் சிந்தனை, பைத்தான். பாடம் வீட்டில், தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் போய். குடும்ப வருமானமும் பிரிவும் பார்த்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022-ல் யு.ஜி.சி. அனுமதித்துவிட்டதால் பி.எஸ்சி.யோடு சேர்த்தே படிக்கலாம். ஆனால் இது லேசான படிப்பு இல்லை. வாராவாரம் அசைன்மென்ட் வரும். பிள்ளைக்கு ஒரு லேப்டாப்பும், சிக்னல் விழும் ஓர் அறையும், சாயங்காலம் மூன்று மணி நேரமும் இல்லையென்றால் பெயருக்குச் சேர்த்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். வெறும் இணையவழிப் படிப்பை மட்டும் நம்பிப் பதினேழு வயதுப் பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கூடப் படிக்க நாலு பேர் வேண்டும்.

இரண்டாவது வழி எம்.சி.ஏ. 2020-லிருந்து அது இரண்டே வருடம். பி.எஸ்சி. மூன்று, எம்.சி.ஏ. இரண்டு, மொத்தம் ஐந்து. பி.இ.யைவிட ஒரு வருடம் கூடுதல். ஆனால் டான்செட் என்ற தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வை நன்றாக எழுதினால் பிளஸ் டூவில் எட்டாத பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் சி.ஐ.டி.யும் எட்டும். என்.ஐ.டி.களின் எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வான நிம்செட் எழுதினால் திருச்சி என்.ஐ.டி. வரை போகலாம். பதினேழு வயதில் 152 வாங்கிய பிள்ளைக்கு இருபது வயதில் இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. இந்தக் காரணம் ஒன்றுக்காகவே நான் மேலே என்ற பக்கம் சாய்கிறேன்.

பட்டமே வேண்டாம், சம்பளம் முக்கியம் என்ற குடும்பங்களும் உண்டு. ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் நடத்தும் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். கையில் திறமை இருக்கிற பிள்ளை தாராளமாக எழுதிப் பார்க்கலாம்.

அந்தத் தகப்பனார் தேநீர் ஆறும்வரை பேசவில்லை. பிறகு மகளிடம் கேட்டார், "உனக்கு என்ன தோணுதும்மா?" அவள் என்னைப் பார்த்து, "டீச்சர், ஊட்டி காலேஜ் லேப் சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் சந்தித்து, நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தோம்.