லாக்கப் டிடெக்டரோட ஆறு வருஷம்

சர்வர் பாத்துக்குற வேலைல லினக்ஸ் கெர்னல்ல (சிஸ்டத்தோட மையப் பகுதி) இருக்குற லாக்கப் டிடெக்டர், அதாவது ஒரு சிபியூ எங்கயாவது மாட்டி நின்னுட்டா கத்துற காவல்காரன், அது கூட ஆறு வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன். லாக்கப்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க, உள்ள மாட்டுறவன் எல்லாம் குத்தவாளி இல்ல. இது புரியறதுக்கே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

மொதல்ல இது எப்படி ஓடுதுன்னு சொல்லிடுறேன். ஒவ்வொரு சிபியூலயும் 4 வினாடிக்கு ஒருக்கா ஒரு டைமர் அடிக்கும், அடிச்சு அந்த சிபியூலயே உச்ச பிரயாரிட்டில இருக்குற ஒரு சின்ன வேலைய எழுப்பி விடும், அது வந்து "நான் ஓடினேன்"னு டைம குறிச்சிட்டு போயிடும். 20 வினாடியா யாரும் குறிக்கலன்னா சாஃப்ட் லாக்கப், சிபியூ ஒரே வேலைல மாட்டி மத்தத ஓட விடலன்னு அர்த்தம். செக் பண்றதே 4 வினாடிக்கு ஒருக்காதான், அதான் லாக்ல எப்ப பாத்தாலும் 22, 23 வினாடின்னே வருது. ஹார்ட் லாக்கப் இன்னும் மோசம், இன்டரப்ட்டே (சிபியூவ நடுவுல நிறுத்திக் கூப்பிடுற சிக்னல்) ஆஃப்ல கெடக்கும், டைமரே அடிக்காது. அதுக்குன்னு பெர்ஃப் கவுண்டர் (சிபியூவுக்குள்ளயே எண்ணிட்டு இருக்குற கருவி) வழியா சுமார் 10 வினாடிக்கு ஒரு என்எம்ஐ, அதாவது தடுக்க முடியாத இன்டரப்ட், வந்து, டைமர் எண்ணிக்கை நகர்ந்துச்சான்னு பாக்கும், மத்த இன்டரப்ட்ட ஆஃப் பண்ணி வெச்சாலும் இது வந்துடும்.

இப்ப நான் பண்ணின கூத்துக்கு வரேன். ஒரு மெஷின்ல வாரத்துக்கு ஒருக்கா சாஃப்ட் லாக்கப் வந்துச்சு, நாலஞ்சு சிபியூ ஒண்ணா மாட்டும், எல்லா பேக்ட்ரேஸும் (சிபியூ எந்த கோட்ல நிக்குதுன்னு காட்டுற பட்டியல்) மெமரி அன்மேப் பண்ற, அதாவது குடுத்த மெமரிய விடுவிக்கிற எடத்துல, டிஎல்பி ஃப்ளஷுக்காக (சிபியூ வெச்சிருக்குற பழைய மெமரி முகவரிக் குறிப்ப அழிக்கிறது) மத்த சிபியூவோட பதிலுக்கு காத்துட்டு நிக்கிற மாதிரியே இருந்துச்சு. நானும் மெமரி மேனேஜ்மென்ட்லதான் பக்னு முடிவு கட்டி ரெண்டு நாள் ஹியூஜ் பேஜ (மெமரிய பெரிய துண்டா குடுக்குற வசதி) ஆஃப் பண்றது, ஆன் பண்றது, கெர்னல் வெர்ஷன மாத்துறதுன்னு சுத்தினேன். காத்துட்டு இருக்குறவன் பேர்தான் லாக்ல வருது, பதில் சொல்லாதவன் யாருன்னு வரவே இல்லன்னு அப்ப உறைக்கல. கடைசில எல்லா சிபியூ பேக்ட்ரேஸையும் எடுக்குற சாஃப்ட்லாக்கப் ஆல் சிபியூ பேக்ட்ரேஸ் செட்டிங்க 1 ஆக்கி வெச்சேன், அடுத்த தடவ வந்தப்போ ஒரே ஒரு சிபியூ மட்டும் வெளில இருந்து வாங்கிப் போட்ட ஒரு டிரைவருக்குள்ள, இன்டரப்ட்ட ஆஃப் பண்ணிட்டு ஹார்ட்வேர் ரெஜிஸ்டர் மாறுமான்னு லூப்ல நின்னுட்டு இருந்துச்சு.

அப்ப ஹார்ட் லாக்கப் டிடெக்டர் ஏன் அத புடிக்கல? நாந்தான் காரணம். அது ஒரு பெர்ஃப் கவுண்டர எடுத்து வெச்சுக்கும், முன்னாடி ஒரு நாள் பெர்ஃப் ஸ்டாட் (அதே கவுண்டர வெச்சு வேகம் அளக்குற கமாண்ட்) போட்டப்போ "என்எம்ஐ வாட்ச்டாக்க (இந்த ஹார்ட் லாக்கப் டிடெக்டர்தான்) ஆஃப் பண்ணிப் பாரு"ன்னு அதுவே யோசன சொல்லுச்சு, ஆஃப் பண்ணினேன், திரும்ப ஆன் பண்ணல. அவ்ளோதான். இப்ப பெர்ஃப் ஓட்டுற ஸ்கிரிப்ட்லயே கடைசி வரில ஆன் பண்றத எழுதி வெச்சுட்டேன்.

ஆல் சிபியூ பேக்ட்ரேஸ் நல்லதுதான், ஆனா சீரியல் கன்சோல் (லாக்க வெளில அனுப்புற மெதுவான பழைய இணைப்பு) 9600 பாட் வேகத்துல இருந்தா தொடாதீங்க, வினாடிக்கு சுமார் 960 எழுத்துதான் போகும், கோர் நெறைய இருந்தா பிரிண்ட் ஆகுறதுக்கே நிமிஷக் கணக்காகும், அந்த பிரிண்டே இன்னொரு லாக்கப்ப கெளப்பி விடும்.

விஎம்ல, அதாவது ஒரு நெஜ மெஷினுக்குள்ள ஓடுற மெய்நிகர் மெஷின்ல, கத வேற. ஹோஸ்ட்ல (விஎம்கள ஓட்டுற நெஜ மெஷின்) ஓவரா சிபியூ பங்கு போட்டு குடுத்திருந்தா, விசிபியூவுக்கு (விஎம்மோட சிபியூ) நேரமே கெடைக்காம தூங்கிட்டு, எழுந்த உடனே "23 வினாடி மாட்டிகிச்சு"ன்னு கெஸ்ட் கெர்னல், அதாவது விஎம்முக்குள்ள ஓடுற கெர்னல், கத்தும். கெஸ்ட்ல தப்பே இருக்காது. இப்பல்லாம் மொதல்ல ஸ்டீல் டைம் (ஹோஸ்ட் குடுக்காம விஎம் காத்துட்டு இருந்த நேரம்) பாத்துட்டுதான் லாக்க படிக்கிறேன். கேவிஎம் (லினக்ஸ்லயே இருக்குற விஎம் வசதி) கெஸ்ட்ல ஹார்ட் லாக்கப் டிடெக்டர் டிஃபால்ட்டாவே ஆஃப், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்த சத்தம் தாங்காம ஒரு காலத்துல வாட்ச்டாக் த்ரெஷ்ஷ (எத்தன வினாடில கத்தணும்ங்கிற செட்டிங், சாஃப்ட் லாக்கப்புக்கு அதுல ரெண்டு மடங்கு) 10ல இருந்து 60 ஆக்கினேன், அதுக்கு மேல அது விடாது. லாக் சுத்தமாச்சு, ஆனா அதே செட்டிங் காப்பி ஆகி நெஜ மெஷினுக்கும் போயிடுச்சு, அங்க உண்மையான டெட்லாக் வந்தப்போ 120 வினாடி ஒரு சத்தமும் இல்ல, அதுக்குள்ள கிளஸ்டர் (சேர்ந்து வேலை செய்ற சர்வர் கூட்டம்) அந்த நோடையே வெளில தள்ளி ரீபூட் பண்ணிடுச்சு, ஆதாரம் போச்சு. திரும்ப 10க்கே வந்துட்டேன்.

பேனிக் (லாக்கப் வந்தா கெர்னலே மெஷின நிறுத்திடுறது) வைக்கலாமா வேணாமான்னு கேட்டா, ஹார்ட்வேர் மெஷின்ல ஹார்ட் லாக்கப் பேனிக் கண்டிப்பா ஆன், கூடவே கேடம்ப் (சாகுற நேரத்துல மெமரிய டிஸ்க்ல எழுதி வெக்கிற வசதி). சாஃப்ட் லாக்கப் பேனிக்க விஎம்ல ஆன் பண்ண மாட்டேன், பக்கத்து விஎம் பண்ற லோடுக்கு நம்ம விஎம் ஏன் சாகணும். கேடம்ப் வேலை செய்யுதான்னு முன்னாடியே ஒரு தடவ நாமளா கிராஷ் பண்ணிப் பாத்துடுங்க, டம்ப் எழுத டிஸ்க்ல எடம் இல்லாம நான் முழிச்சது போதும்.

புதுசா வந்ததுல ரெண்டு புடிச்சிருக்கு. கெர்னல் 6.5ல வந்த பட்டி (buddy, கூட்டாளி) டிடெக்டர், ஒவ்வொரு சிபியூவும் அடுத்த சிபியூவ கவனிச்சுக்கும், என்எம்ஐ வசதி இல்லாத ஆர்ம் போர்டுக்கு இது வரப்பிரசாதம். ஆனா மாட்டினவனோட பேக்ட்ரேஸ எடுக்க என்எம்ஐ இல்லாததால, சிபியூ மாட்டிகிச்சுன்னு தெரியும், எங்கன்னு பல நேரம் தெரியாது. 6.10ல இருந்து சாஃப்ட் லாக்கப் ரிப்போர்ட்லயே சிபியூ நேரம் ஹார்ட்இன்டரப்ட்ல (ஹார்ட்வேர் கூப்பிடுறது) எத்தன சதவீதம், சாஃப்ட்இன்டரப்ட்ல (கெர்னல் பின்னாடி முடிக்கிற மிச்ச வேலை) எத்தனன்னு 4 வினாடி துண்டு துண்டா போட ஆரம்பிச்சிருக்கு, கெர்னல் பில்ட் பண்றப்ப அந்த ஆப்ஷன் ஆன்ல இருக்கணும். இன்டரப்ட் புயல்ல மாட்டின மெஷின்ல 100 சதவீதம் ஹார்ட்இன்டரப்ட்னு மொதல் வரியிலயே வந்துடுது, அப்புறம் பேக்ட்ரேஸ வெச்சு ஜோசியம் பாக்க வேண்டியதில்ல.