தலைவலிக்கு மாத்திரையா, பிசியோவா?

அடிக்கடி தலைவலி வருகிறது என்று சொன்னால் போதும், ஒருவர் மாத்திரை பெயர் சொல்வார், இன்னொருவர் தைலத்தை நீட்டுவார், மூன்றாமவர் "கழுத்துதான் காரணம், பிசியோதெரபிஸ்டைப் பாரு" என்பார். யார் சொல்வது சரி என்பது வலி எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்தது. நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல் இவற்றில் எது இருந்தாலும் இந்த ஒப்பீடே வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழுத்துத் தலைவலி பிடரியில் தொடங்கி, பெரும்பாலும் ஒரே பக்கமாகக் கண் வரை ஏறும். லேப்டாப்பில் குனிந்தே இருந்தால் கூடும். மேல் கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால்தான் கழுத்துக் கோளாறு கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது. நல்ல பிசியோ மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாய் நெஞ்சில் படும்படி கழுத்தை முழுக்க மடக்கி, அப்படியே இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். சாதாரணமாக 40 பாகைக்கு மேல் திரும்பும். ஒரு பக்கம் 30 பாகை அளவிலேயே முட்டிக்கொண்டு நின்றால், மேல் மூட்டு இறுகியிருக்கலாம் என்று கணக்கு.

இந்த வகைக்கு என் ஓட்டு பிசியோவுக்குத்தான். 2002-ல் ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் நடந்த ஆய்வில், 6 வாரச் சிகிச்சையின் பலன் ஒரு வருடம் கழித்தும் நிலைத்திருந்தது. அங்கே கொடுத்தது கையால் மூட்டைத் தளர்த்துவதும் பயிற்சியும். மல்லாந்து படுத்து, 'ஆமாம்' என்பதுபோல் தலையை மெல்ல அசைத்து, முகவாயை உள்ளிழுத்து 10 நொடி பிடிக்கும் பயிற்சி அதில் முக்கியமானது. தினமும் கரண்ட் மெஷினை மட்டும் ஒட்டிவிட்டு அனுப்பும் இடத்தில் காசு கொடுக்க மனசு வராது. சலூனில் தலையைப் பிடித்துச் சொடக்கு எடுப்பதை பிசியோவோடு சேர்க்கவே கூடாது. அரிதாகக் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது.

மைக்ரேன் வேறு கதை. சிகிச்சை எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சம் ஆகாது, மாடிப்படி ஏறினால்கூட கூடும். அந்த நேரத்தில் பிசியோ மேசையில் படுத்துப் பிரயோசனமில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வலி முற்றுவதற்கு முன்பே போடுவதுதான் வழி. ஆனால் சாதாரண வலிமாத்திரையை மாதம் 15 நாளுக்கும், மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகையை 10 நாளுக்கும் குறையாமல் மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மைக்ரேனிலும் கழுத்து பிடிக்கும் என்பதால் குழப்பம் வருகிறது. நாற்பதைத் தாண்டிய யாருக்கும் எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் தெரியலாம். அதை மட்டும் வைத்துக் கழுத்துப்பட்டை மாட்டிவிடுவது அபத்தம்.

வலி வராமல் தடுப்பதில் போட்டி சமமாகிறது. 2011-ல் வெளியான சுவீடன் ஆய்வில் வாரம் மூன்று முறை 40 நிமிட சைக்கிள் பயிற்சி, தளர்வுப் பயிற்சி, டோபிரமேட் மாத்திரை மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் மைக்ரேனைக் குறைத்தன. பக்கவிளைவு வந்தது மாத்திரைக் குழுவில் மட்டும். 91 பேர்தான் என்பதால் பெரிய ஆய்வு இல்லை. ஆனாலும் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் முயன்று பார்க்கலாம்.

எதைத் தொடங்கினாலும் தலைவலி வந்த நாளையும் போட்ட மாத்திரையையும் காலண்டரில் குறித்துவாருங்கள். இரண்டு மாதத்தில் அந்தக் குறிகள் குறையவில்லை என்றால், அதே காலண்டரோடு நரம்பியல் மருத்துவரைப் பார்க்கலாம்.