மிளகோடு மூன்று ஆண்டுகள்: அஜிலிட்டி வகுப்பு அனுபவம்

மிளகு எங்கள் வீட்டு நாய், கோக்கர் ஸ்பானியல் இனம். கறுப்பு நிறம், ஐந்து வயது, ஓயாத வால். இங்கிலாந்தில் பெர்க்‌ஷயர் பக்கம் குடியிருக்கிறோம். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் நடந்தாலும் அவளுக்குப் போதாது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுவாள். கால்நடை மருத்துவர்தான் அஜிலிட்டி வகுப்பில் சேர்க்கச் சொன்னார். இந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு இடங்களில் பயின்றுவிட்டோம். சேர நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

அஜிலிட்டி என்பது நாய்களுக்கான தடையோட்டம். தடைகள் வைத்த மைதானத்தில் நாய் கயிறில்லாமல் ஓடும். கூடவே ஓடுகிறவர் குரலாலும் உடலசைவாலும் வழிகாட்டுவார். தாண்டும் கழிகள், நுழையும் குழாய், கூரைபோல் நிற்கும் ஏ-வடிவப் பலகை, ஒடுங்கிய பாலம், நடுவில் முட்டுக்கொடுத்து ஏறியிறங்கும் சீசாப் பலகை, வளைந்து வளைந்து கடக்க 12 கம்பங்கள். 1978இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே இடைவெளியை நிரப்ப, குதிரைகளின் தடைதாண்டல் போட்டியைப் பார்த்து உருவாக்கிய விளையாட்டு இது. இன்றும் குளிர்காலத்தில் பல வகுப்புகள் குதிரைப் பயிற்சிக் கொட்டகைகளில்தான் நடக்கின்றன. முதல் மாதம் முழுக்க, மணலில் கிடக்கும் குதிரைச் சாணத்தை மிளகு தின்னாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

முதலில் சேர்ந்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நாய்கள். நம் முறை வருவதற்குள் நாய் குரைத்துக் களைத்துவிடும். எட்டு வாரத் தொடக்கநிலை முடிந்ததும் எல்லோரையும் ஒட்டுமொத்தமாக அடுத்த நிலைக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கேதான் வினை. சீசாப் பலகையில் மிளகு அதுவரை ஒரே ஒரு முறைதான் ஏறியிருந்தாள். நடுவைத் தாண்டியதும் பலகையின் முனை தரையில் படீரென்று அறைந்தது, அலறியடித்துக் குதித்தாள். காயம் ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு அந்தப் பலகையைக் கண்டாலே வாலைக் கவட்டைக்குள் செருகிக்கொண்டு வாசலையே பார்த்து நிற்பாள். "கழுத்துப் பட்டையைப் பிடித்து ஏற்றுங்கள், பழகிவிடும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்றோடு நின்றுவிட்டோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது இடத்தில் வகுப்புக்கு நான்கே நாய்கள், வாரம் 14 பவுண்டு. "நாங்கள் ஏற்கெனவே இரண்டாம் நிலைக்குப் போய்விட்டோம்" என்றேன். பயிற்சியாளர் அம்மையார் சீசாப் பலகையைக் காட்டி மிளகின் வாலைப் பார்த்தார். அடிப்படை வகுப்பிலேயே சேரச் சொல்லிவிட்டார். முதலில் வருத்தமாக இருந்தது. மூன்றாண்டுகளில் எனக்கு மிகப் பெரிய பயனைத் தந்தவை அந்தப் பத்து வாரங்கள்தான்.

முதல் ஆறு வாரம் தாண்டல் கிடையாது. குறுக்குக் கழியை எடுத்துவிட்டு, இரண்டு நிலைக்கம்பங்களுக்கு நடுவே ஓடப் பழக்கினார்கள். ஒரு நாள் குழாயைக் கைகாட்டி "நுழை" என்று கத்துகிறேன், மிளகு பக்கத்துத் தடைக்கு ஓடுகிறாள். மூன்று முறையும் அப்படியே. அதட்டினேன். அம்மையார் கைப்பேசியில் எடுத்த காட்சியைப் போட்டுக் காட்டினார். என் கை குழாயை நோக்கி நீண்டிருந்தது. பாதங்கள் இரண்டும் பக்கத்துத் தடையைப் பார்த்திருந்தன. "நாய் உங்கள் பாதத்தையும் தோளையும்தான் முதலில் படிக்கும், சொல் கடைசியில்தான் போய்ச் சேரும்" என்றார். மிளகிடம் அன்று மனதார மன்னிப்புக் கேட்டேன்.

கட்டளைகளை வாயில் இயல்பாக வரும் மொழியில் சொல்லச் சொன்னார். ஆகவே எங்களுடையவை தமிழ். தாண்டு, நுழை, ஏறு, இரு. ஓடிக்கொண்டே கத்தும்போது "ஏறு", "இரு" இரண்டும் ஒன்றுபோல் கேட்டு அவள் திணறினாள். "இரு" என்பதை "நில்" என்று மாற்றினோம். மறுவாரமே தெளிந்துவிட்டாள்.

சீசாப் பயத்தைப் போக்கிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பலகை முனைக்கு அடியில் மெத்தைகளை அடுக்கி, இரண்டு விரற்கடைக்குமேல் அசையாதபடி வைத்தார். அதன்மேல் அவளை ஏறச் சொல்லவே இல்லை. தாழ்வாக வைத்த முனையை அவளாகவே முன்காலால் அமுக்கினால் 'டொக்' என்று சத்தம் வரும். உடனே ஒரு துண்டு கோழிக்கறி. சத்தம் தன் காலால்தான் வருகிறது என்று புரிந்ததும் அவள் முகமே மாறியது. திரும்பத் திரும்பப் போய் அடித்தாள். பிறகு வாரத்துக்கு ஒரு மெத்தை என்று எடுத்தார்கள். முழுப் பலகையையும் அவள் தானாக நடந்து கடக்க ஐந்து மாதம் ஆயிற்று.

இரண்டாம் நிலையில் வளைந்தோடும் கம்பங்கள். முதல் கம்பம் நாயின் இடது தோள் பக்கம் வரும்படி நுழைய வேண்டும். கம்பங்களை இரண்டு வரிசையாக நட்டு, நடுவில் சந்துபோல் விட்டு, வாரந்தோறும் சந்தைக் குறுக்கி ஒரே வரிசையாக்குகிறார்கள். நான்கு மாதம் பிடித்தது. இந்த நிலையில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாய் வேகமெடுத்துவிடும், நாம் இரண்டு அடி பின்தங்கிவிடுவோம்.

அதற்குமேல் போட்டிக்கான வகுப்பு. இங்கே கென்னல் கிளப் என்னும் நாய்ச் சங்கத்தின் போட்டிகளில் 1 முதல் 7 வரை தரம் உண்டு. 18 மாதம் நிறையாத நாய் போட்டியிட முடியாது. மிளகின் தோள் உயரம் 39 செ.மீ., நடுத்தரப் பிரிவு. கழி விழுந்தாலும் பலகையின் கீழ்முனையில் உள்ள வண்ணப் பகுதியை மிதிக்காமல் குதித்தாலும் ஐந்து ஐந்தாகத் தவறுப் புள்ளி ஏறும். போட்டிக்கு முன் எல்லோரும் நாயில்லாமல் பாதையை நடந்து மனப்பாடம் செய்கிறார்கள். முப்பது பேர் வெறுங்கையை நீட்டியபடி, இல்லாத நாயிடம் முணுமுணுத்துக்கொண்டு நடப்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

சேருமுன் நாயை வீட்டில் விட்டுவிட்டு ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். எத்தனை நாய்கள், சீசாவை எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். எலும்பு வளர்ந்து முடியாத குட்டியை உயரம் தாண்டவைக்கும் இடமென்றால் வேண்டவே வேண்டாம். ஈரப் புல்லுக்குக் கால்பந்துக் காலணி வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை விழுந்த பிறகுதான் வாங்கினேன்.

சென்ற மாதப் போட்டியில் மிளகு நான்காவது தடையிலேயே தவறான குழாய்க்குள் புகுந்தாள், நீக்கம். இருந்தாலும் மீதிப் பாதையை ஓடி முடித்தோம். கடைசிக்கு முந்தைய தடை சீசா. ஏறினாள், நடுவில் அரை நொடி நின்றாள், பலகை தரையை அறைந்தது. பின்கால்கள் பலகையிலும் முன்கால்கள் புல்லிலுமாக, நான் "போ" என்று சொல்வதற்காக வாலை ஆட்டிக்கொண்டு காத்து நின்றாள்.