வாசல் வரைக்கும் எல்லாரும் கொண்டுவருவார்கள்

போன அக்டோபரில் ஒரு நாள், மாலை நாலரை மணி. மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில், லோங்காங் (மழைநீர்க் கால்வாய்) ஓரமாக, 270 கிலோ எடையுள்ள மரப்பெட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. உள்ளே மரம் இழைக்கும் 12 அங்குல இழைப்பு மெஷின். இறக்கிவைத்த லோரி கிளம்பத் தயாராக இருந்தது. லிந்தாங் பக்கம் வானம் கறுத்துவிட்டது. வார்ப்பிரும்பு மேசை ஒரு ராத்திரி நனைந்தால் போதும், விடிவதற்குள் துரு பூத்துவிடும்.

"வீட்டுக்கே டெலிவரி என்று கடையில் சொன்னார்களே தம்பி" என்றேன்.

"அங்கிள், இதுதானே வீடு? உள்ளே கொண்டுபோய் வைக்க எனக்கு ஆள் இல்லை, அடுத்து கோலகங்சாருக்குப் போகணும்" என்றார் ஓட்டுநர். ரசீதை எடுத்துப் பார்த்தேன். 'வாசல் வரை' என்றுதான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து எங்கள் ஊருக்குச் சுமார் 250 கிலோமீட்டர். நெடுஞ்சாலை நன்றாக இருக்கிறது, லோரிகள் தினமும் ஓடுகின்றன. அந்தத் தூரத்துக்கு ஆகும் செலவை யாரிடம் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வாசலிலிருந்து பின்கட்டுக் கொட்டகை வரை உள்ள நாற்பது அடிதான் பெரிய விஷயம். எந்த வழியில் மெஷினை வரவழைப்பது என்பதை அந்த நாற்பது அடியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதன்பிறகு இன்னும் மூன்று மெஷின்கள் வாங்கினேன், மூன்றும் வெவ்வேறு வழியில் வந்தன. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். பத்தடி கேட். கேட்டுக்கு முன்னால் லோங்காங், அதன் மேல் கான்கிரீட் மூடிகள். உள்ளே ஓடு பதித்த கார் நிறுத்துமிடம், மேலே கூரை. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் நாலரை அடி அகலச் சந்து. சந்தின் முடிவில் திரும்பினால் கொட்டகை.

முதலில் டிரான்ஸ்போர்ட் லோரி. பல பேருடைய சரக்கோடு நம் சரக்கையும் ஏற்றி வரும் லோரி இது. விலை மலிவு, அதில் சந்தேகமே இல்லை. எடையையும் கன அளவையும் பார்த்துப் பணம் வாங்குவார்கள். ஆனால் பின்பக்கத்தில் இறக்கும் பலகை, அதாவது டெயில் லிஃப்ட், இருக்கிற லோரியைத்தான் அனுப்ப வேண்டும் என்று நாம் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் வெறும் லோரி வரும். தரைக்கும் லோரித் தளத்துக்கும் ஒரு மீட்டர் உயரம் இருக்கும். மூன்று மீட்டர்ப் பலகை சாய்த்து இறக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றுக்கு மூன்று சரிவில் 270 கிலோ மெஷினின் மூன்றில் ஒரு பங்கு, 90 கிலோ, கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கயிற்றைப் பிடித்திருப்பவரின் கை வழுக்கினால் கீழே நிற்பவரின் கதி என்ன? நான் அதற்குச் சம்மதிக்கவே மாட்டேன்.

டெயில் லிஃப்டில் பெட்டி பத்திரமாக இறங்கிவிடும். அதற்கு மேல் என்ன? பெட்டியை அடியிலுள்ள மரத்தட்டோடு (பேலட்) தூக்கி இழுக்கும் கைவண்டி, பேலட் ஜேக், இருக்கிறதே என்று தோன்றும். இரண்டு டன் தூக்குகிற சாதனம்தான். ஆனால் அதன் சக்கரம் உள்ளங்கை அளவு. வழவழப்பான தொழிற்சாலைத் தரைக்காகச் செய்யப்பட்டது. ஒரு கூழாங்கல் போதும், நின்றுவிடும். அதோடு எடை முழுவதையும் அந்தச் சின்னச் சக்கரங்களின் வழியாக ஒரே இடத்தில் இறக்கும். அன்றைக்குப் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் பேலட் ஜேக் இரவல் வாங்கி இழுத்தோம். இரண்டாவது லோங்காங் மூடியில் ஏறியதுமே 'டக்' என்று ஒரு சத்தம். மூடியில் குறுக்கே விரிசல்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஐயா வந்தார். ரப்பர் தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருந்தவர், எழுபது தாண்டியவர். ரப்பர் பால் ஷீட் அடிக்கும் உருளை மெஷின்களைப் புகைக்கூடத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் இடம் மாற்றி வைத்த ஆள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, தூக்கணும்னா எட்டுப் பேர் வேணும். உருட்டணும்னா மூணு பேர் போதும். பைப் இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு அங்குல ஜிஐ பைப்பில் மூன்றடித் துண்டுகள் நான்கு. 18 மில்லி பிளைவுட் பலகை மூன்று. ஒரு கடப்பாரை. இவ்வளவுதான். முதலில் மூடிகளின் மேல் நீளவாக்கில் பலகை போட்டார். எடை பரவட்டும் என்றார். கடப்பாரையால் பேலட்டின் ஓரத்தை நெம்பி முதல் பைப்பை உள்ளே தள்ளினார், பிறகு இரண்டாவது. ஒருவர் மெதுவாகத் தள்ள, பின்னால் வெளியே வரும் பைப்பை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போனோம். பைப்பைக் கையால் சரிசெய்யக் கூடாது, குச்சியால் மட்டும்தான் தட்ட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். சந்தின் திருப்பத்தில் முன் பைப்பை மரச்சுத்தியால் லேசாகத் தட்டிச் சாய்த்து வைத்தார். 270 கிலோவும் அந்தச் சாய்வைப் பின்பற்றித் தானாகத் திரும்பியது. கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. பெட்டி கொட்டகைக்குள் நுழைந்து ஐந்து நிமிடத்தில் மழை கொட்டியது.

ஆகவே டிரான்ஸ்போர்ட் லோரி மோசமான வழி என்று சொல்ல மாட்டேன். உருட்டத் தெரிந்த இரண்டு பேரும் பைப்பும் பலகையும் முன்கூட்டியே தயாராக இருந்தால் அதுதான் மலிவு. இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த காசு மூடிக்கும் ஓட்டுக்கும் போய்விடும்.

கிரேன் லோரியின் கதை வேறு. என்னுடைய பட்டை ரம்பம் (பேண்ட் சா) ஈப்போ பக்கம் மூடப்பட்ட ஒரு மரச்சாமான் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 240 கிலோ, ஆள் உயரத்துக்கு மேல். எடையில் பெரும்பகுதி மேலே இருப்பதால் இந்த மெஷின் சாய்ந்தால் நிறுத்த முடியாது. பைப்பில் உருட்டுவதற்கும் பயமாக இருக்கும். கிரேன் லோரிக்காரர் பக்கச் சுவருக்கு மேலாகத் தூக்கி, கொட்டகைக்கு முன்னால் உள்ள திறந்த தரையில் இறக்கிவிட்டார். லோங்காங், ஓடு, சந்து எதையுமே தொடவில்லை. இருபத்தைந்து நிமிடம், 450 வெள்ளி (ரிங்கிட்). கொட்டகைக்குள் கொண்டுபோக மிச்சம் இருந்தது எட்டடிதான்.

ஆனால் கிரேனைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 'மூன்று டன் கிரேன்' என்றால் எவ்வளவு எட்டினாலும் மூன்று டன் தூக்கும் என்று அர்த்தமில்லை. கை நீள நீளச் சக்தி குறையும். இரண்டு மீட்டரில் 3 டன் தூக்குவது, எட்டு மீட்டரில் முக்கால் டன்னுக்கும் கீழே போய்விடும், கையின் சொந்த எடையையும் அது சுமக்க வேண்டுமே. அதனால் லோரி நிற்கப்போகும் இடத்திலிருந்து மெஷின் இறங்க வேண்டிய இடம் வரை டேப் வைத்து அளந்து, அந்தத் தூரத்தையும் எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிரேனின் கால்கள் ஊன்றும் இடம் லோங்காங் மூடியாக இருக்கக் கூடாது. தலைக்கு மேல் போகிற மின்கம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். கம்பிக்குப் பக்கத்தில் தூக்க வேண்டிவந்தால் அந்த வழியை விட்டுவிடுவதே நல்லது. பட்டைக்கயிறு மெஷினின் முதுகுத் தூணில், அல்லது அதற்கென்று உள்ள கொக்கி வளையத்தில் மாட்ட வேண்டும். மேசையில் மாட்டினால் மேசையின் மட்டம் போய்விடும். இழைப்பு மெஷினுக்கும் இதே விதிதான்.

கிரேனால் கூரைக்குக் கீழே ஒன்றும் செய்ய முடியாது. இணைப்பு வீடுகளில், வரிசையின் நடுவில் இருக்கும் வீட்டுக்கு, அது கேட்டுக்கு வெளியே இறக்கிவைக்கும், அவ்வளவுதான். அதற்கு 450 வெள்ளி கொடுப்பது வீண்.

அந்த மாதிரி வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வது, பழுதான காரை ஏற்றிப்போகும் சாய்தள லோரி. பலருக்கு இது நினைவுக்கே வருவதில்லை. மேசை ரம்பம் எனக்கு இப்படித்தான் வந்தது, 220 கிலோ. ஊரில் கார் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் லோரி. அதன் தளம் பின்னால் நகர்ந்து, சாய்ந்து, நுனி தரையைத் தொடும். லோரியின் சக்கரம் சாலையிலேயே நிற்க, தளத்தின் நுனி லோங்காங்கைத் தாண்டி கேட்டுக்குள் போய் உட்கார்ந்தது. மூடியின் மேல் ஒரு கிலோ எடைகூட இறங்கவில்லை. லோரியிலேயே வின்ச் இருக்கிறது. கம்பிவடத்தை அடிச்சட்டத்தில் மாட்டி, அங்குலம் அங்குலமாகத் தளர்த்தி இறக்கினார். "கார் இறக்கறதைவிட இது லேசு அண்ணே, இதுக்குப் பிரேக் புடிக்க வேண்டியதில்லை" என்றார். 180 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

குட்டையான, கனமான மெஷின்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மேசை ரம்பம், இழைப்பு மெஷின், பலகையை ஒரே கனத்துக்குச் செதுக்கும் திக்னசர் எல்லாம் அந்த வகை. உயரமான பட்டை ரம்பத்தை மட்டும் இதில் நிறுத்திவைத்து இறக்கக் கூடாது, தளம் சாயும்போது மெஷினும் சாயும். இன்னொன்று, மெஷினின் அடியில் இரண்டு உறுதியான மரச்சட்டங்கள் போல்ட் போட்டு முடுக்கியிருக்க வேண்டும். மெலிந்த பேலட் என்றால் வின்ச் இழுக்கும்போது பலகை பிய்ந்துவரும்.

கழற்றிக் கொண்டுவருவது நான்காவது வழி. இன்னொரு பட்டை ரம்பம், 14 அங்குலம், 110 கிலோ இருந்தது. மேசையையும் மோட்டாரையும் கழற்றி, மேல்பாதியையும் ஸ்டாண்டையும் தனித்தனியாக ஹைலக்ஸ் பிக்கப்பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டே பேர், செலவு பெட்ரோல் மட்டும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். எந்த போல்டுக்கு அடியில் எந்தத் தகட்டுத் துண்டு இருந்தது என்று டேப் ஒட்டி எழுதிவையுங்கள். மேசை ரம்பத்தின் பக்க இறக்கைகளையும் மோட்டாரையும் கழற்றினாலும் நல்ல எடை குறையும். திக்னசரை மட்டும் கழற்ற ஆசைப்படாதீர்கள். அதன் நான்கு தூண்களும் தலையும் மட்டம் பார்த்துப் பொருத்தப்பட்டவை. கழற்றிய பிறகு பழையபடி மட்டத்துக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஈப்போவிலிருந்து மெஷின் தூக்கும் தொழில்காரர்களை அழைக்கலாம். போர்க்லிஃப்ட், உருளைச் சக்கரம் எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். அரை டன்னுக்கு மேல் போனால் யோசிக்காமல் அவர்களைக் கூப்பிடுங்கள். அதற்குக் கீழே தேவையில்லை. பேக்ஹோவின் வாளிப் பல்லில் சங்கிலி மாட்டித் தூக்கிவிடலாம் என்று சொல்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். மண் அள்ளுகிற மெஷின் அது. ஒரு அங்குலம் இறக்கு என்றால் அதற்குத் தெரியாது. கீழே நிற்பது நம் பிள்ளைகளும் தம்பிகளும்தான். வேண்டாம்.

தோட்டத்துக்கு உள்ளேயே வீடு என்றால் கணக்கு மாறும். செம்மண் சாலையில் மழைக்குப் பிறகு கிரேன் லோரி வராது, வந்தாலும் சக்கரம் புதைந்துவிடும். காவல்காரரிடமும் ஆபீஸிலும் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். அங்கே தோட்டத்து டிராக்டரும் தாழ்ந்த டிரெய்லரும்தான் கைகொடுக்கும். மெயின் ரோடு வரை லோரி, அங்கிருந்து டிராக்டர்.

எந்த வழியானாலும் காலை நேரத்துக்கே பேசுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பேராவில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. தொழிற்சாலையிலிருந்து பழைய மெஷின் வாங்குபவர்கள் மோட்டாரின் தகட்டையும் படித்துவிடுங்கள். 415 வோல்ட், மூன்று ஃபேஸ் என்று இருந்தால், ஒரு ஃபேஸ் மட்டும் உள்ள வீட்டில் அது அப்படியே ஓடாது. இறக்கிவைத்த பிறகு அதைக் கண்டுபிடித்த நண்பர் ஒருவர் ஐந்து மாதம் அதன் மேல் பிளைவுட் அடுக்கிவைத்திருந்தார்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று என் மனைவி கேட்டதுண்டு. தோட்டத் தொழிலாளர்கள் இருந்த, இடிந்த லயத்து வீடுகளின் செங்கால் என்ற கடினமரக் கதவுச்சட்டங்கள் இந்தப் பக்கம் விறகு விலைக்குப் போகின்றன. அந்த மரத்தைச் சின்ன மெஷினில் கொடுத்தால் மோட்டார் முனகி நின்றுவிடும். கனமான மெஷின் இருந்தால்தான் அது மீண்டும் மேசையாகவும் தொட்டிலாகவும் ஆகும். எங்கள் அப்பா பிறந்த லயத்தின் வாசல்சட்டம் இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையின் கால்களாக இருக்கிறது.

அடுத்த மாதம் 15 அங்குலத் திக்னசர் வருகிறது, 230 கிலோ. சாய்தள லோரியைக் காலை ஒன்பது மணிக்குச் சொல்லியிருக்கிறேன். விரிசல் விட்ட மூடியை மாற்றிவிட்டேன். சந்துத் திருப்பத்தை மறுபடி அளந்து பார்த்ததில் இரண்டு பக்கமும் எட்டு அங்குலம் மிச்சம் இருக்கிறது. மண்டோர் ஐயாவிடம் தேதியைச் சொன்னேன். பைப்பைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.