மாலைதீவா, டுபாயா? ஆசிரியர் விசாவுக்குக் கடதாசி சேர்த்த கதை

வெள்ளவத்தையில் ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால், படிப்பிக்க மாலைதீவுக்குப் போவதா டுபாய்க்குப் போவதா என்ற பேச்சு வராமல் போகாது. இலங்கை அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று 2022இல் சுற்றறிக்கை வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. நான் டுபாய்க்குப் போனவள். என்னோடு படிப்பித்த தோழி மாலைதீவுக்குப் போனாள். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

பொலிஸ் நற்சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு எல்லாம் இரண்டு இடத்துக்கும் வேண்டும். பணியகப் பதிவு இல்லாமல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

மாலைதீவு பக்கம், ஒன்றரை மணி நேரப் பறப்பு. மேல் வகுப்புகளுக்குப் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் பரீட்சை, மொழி ஆங்கிலம். ஆங்கில மூலம் கணிதம், விஞ்ஞானம் படிப்பிப்பவர்களுக்கு அங்கே இடம் உண்டு. போய் இறங்கியதும் 30 நாள் சுற்றுலா விசா கிடைக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போக முடியாது. வேலை அனுமதியைப் பாடசாலை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். அதற்கான மாதக் கட்டணமும் வேலை கொடுப்பவர் பொறுப்பு. தோழியின் நிர்வாகம் ஒருமுறை அதைக் கட்டாமல் இழுத்தடித்ததில், விடுமுறைக்கு ஊருக்கு வரவே அவள் பயந்தாள். ருபியாவை டொலராக மாற்றுவது அவளுடைய இன்னொரு தலையிடி. திர்ஹாமில் எனக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை.

சரி, டுபாய். எல்லாரும் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், முடிவு பட்டச்சான்றிதழில் இருக்கிறது. கல்வியியற் கல்லூரி டிப்ளோமா மட்டும் இருந்தால் வகுப்பறை ஆசிரியர் பதவிக்குப் போதாது, இளமாணிப் பட்டம் கேட்பார்கள். அந்தப் பட்டத்தையும் சும்மா நீட்ட முடியாது. பல்கலைக்கழகம் உறுதிப்படுத்த வேண்டும், பிறகு பத்தரமுல்லை சுஹுருபாயவில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, அப்புறம் கொழும்பிலுள்ள ஐக்கிய அரபு எமிரேட்ஸ் தூதரகம், கடைசியில் அந்த நாட்டு வெளிவிவகார அமைச்சு. ஒவ்வொரு முத்திரையும் முந்திய முத்திரையைப் பார்த்துத்தான் விழும்.

நான் மாட்டியது பெயரில். பட்டச்சான்றிதழில் முதலெழுத்தோடு என் பெயர், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுசாக முன்னால். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, அங்கே அது இரண்டு ஆட்கள். இரண்டும் நான்தான் என்று சட்டத்தரணியிடம் சத்தியக்கடதாசி முடித்து, அதற்கும் முத்திரை வாங்க, கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறி எத்தனை தரம் பத்தரமுல்லைக்குப் போனேன் என்ற கணக்கே விட்டுப்போயிற்று. விசா எடுக்கும் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும் என்பது 2022இல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள தொழில் சட்டம். இந்த முத்திரைச் செலவு மட்டும் என் பையிலிருந்து போனது.

ஆனாலும் டுபாய்தான் என்பேன். அந்த அலைச்சல் ஒரே ஒரு தடவை. இரண்டு வருட விசா முடிந்து வேறு பாடசாலைக்கு மாறினேன். புது வேலை அனுமதி, திரும்ப இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஆசிரியர் நியமனத்துக்கு, டுபாயின் தனியார் பாடசாலைகளைக் கண்காணிக்கும் அரச அமைப்பான கே.எச்.டி.ஏ.யின் ஒப்புதல் எல்லாம் மறுபடி வந்தன. சான்றிதழை மட்டும் யாரும் திரும்ப முத்திரை குத்தச் சொல்லவில்லை. பழைய கடதாசியே போதுமாக இருந்தது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் சொல்லை அப்படியே எடுக்க வேண்டாம், நான் தனியாகப் போனவள். சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம் என்பது விதி. அந்தச் சம்பளத்தில் வாடகையும் பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணமும் கட்டிச் சமாளித்தவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எங்கே போவதானாலும், கடவுச்சீட்டையும் பட்டச்சான்றிதழையும் இன்று இரவே பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.