பாதுகாப்பு நீட்சி என்று நம்பி நிறுவினேன். நான் திறந்த பக்கங்களையெல்லாம் அது வெளியே அனுப்பியது

போலித் தளங்களில் சிக்கிவிடக் கூடாது என்ற அச்சத்தில், ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் என் உலாவியில் ஒரு பாதுகாப்பு எக்ஸ்டென்ஷனை, அதாவது நீட்சியை, நிறுவினேன். தேடல் முடிவுகளில் ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் பச்சை அல்லது சிவப்பு வட்டம் காட்டுவதும், ஆபத்தான பக்கத்தைத் திறக்கவிடாமல் தடுப்பதும் அதன் வேலை. பயனர் மதிப்பீடுகள் நன்றாக இருந்ததால் ஆண்டுச் சந்தாவும் கட்டினேன். எல்லா இணையதளங்களிலும் உள்ள என் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அது அனுமதி கேட்பதாக உலாவி எச்சரித்தபோது, காவலுக்கு வைக்கும் கருவிக்கு இது தேவைதானே என்று நினைத்து ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

சில வாரங்களுக்கு முன், மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்பு உள்நுழைவுப் பக்கம் ஒன்றைத் திறந்தது. நீட்சி பச்சை வட்டம் காட்டியது. ஆனால் சேமித்த முகவரியில் மட்டும் கடவுச்சொல்லை நிரப்பித் தரும் என் கடவுச்சொல் மேலாளர் வழக்கம்போல் தானாக நிரப்பவில்லை. முகவரியைக் கூர்ந்து பார்த்தபோதுதான் அதில் ஓர் எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. அந்தப் பச்சை வட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் கடவுச்சொல்லைக் கையாலேயே தட்டியிருப்பேன்.

அன்றிரவே, உலாவியின் நீட்சிகள் பக்கத்தில் டெவலப்பர் பயன்முறையை இயக்கி, அந்த நீட்சியின் சர்வீஸ் வொர்க்கரை, அதாவது பின்னணியில் இயங்கும் அதன் நிரலை, ஆய்வுக்குத் திறந்து, அது வெளியே அனுப்புவதைக் காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபடியே வேறு தாவலில் சில பக்கங்களைத் திறந்தேன். நான் திறந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோரிக்கை வெளியே சென்றது. உள்ளே இருந்தது படிக்க முடியாத எழுத்துத் தொடர். தரவை வெறும் எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 என்ற முறையில் அது இருந்தது; அதை இருமுறை பிரித்ததும், என் பக்கத்தின் முழு முகவரியும் என்னை அடையாளம் காட்டும் மாறாத எண் ஒன்றும் தெரிந்தன. தளத்தின் பெயர் மட்டும் சென்றிருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். முகவரியில் வினாக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியும், நான் தேடிய சொற்களும், கடவுச்சொல்லை மாற்றுவதற்காக வந்த ஒருமுறை இணைப்பும் அப்படியே சென்றிருந்தன. இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று பகிர்ந்த ஆவணங்களுக்கு முகவரியேதான் சாவி என்பதை நினைத்தபோது கை நடுங்கியது.

நிறுவனத்துக்கு எழுதினேன். தனியுரிமைக் கொள்கையில் இதற்கு நான் ஒப்புதல் அளித்திருப்பதாகவும், தரவு அடையாளம் நீக்கப்பட்டே சேகரிக்கப்படுவதாகவும் பதில் வந்தது. சந்தாவைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

ஒரு தளம் ஆபத்தானதா என்று பார்க்க முழு முகவரியை அனுப்ப வேண்டிய தேவையே இல்லை. ஆபத்தான தளங்களைக் கண்டறிய உதவும் கூகுள் சேஃப் பிரவுசிங் சேவையில் உள்ள ஒரு முறைப்படி, முகவரியை எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறை கொண்டு 32 பைட் ஹேஷாக, அதாவது முகவரியை நேராகக் காட்டாத ஒரு குறியீடாக, மாற்றி, அதன் முதல் 4 பைட்டை மட்டும் அனுப்பி விசாரிக்கலாம். பதிலாக வரும் ஆபத்தான முகவரிகளின் முழு ஹேஷ்களோடு அது பொருந்துகிறதா என்பதை நம் கணினியே முடிவு செய்துகொள்ளும். எனவே பாதுகாப்பு நீட்சியில் நான் முதலில் தேடும் அம்சம் இனி இதுதான்: சோதனை என் கணினியில் நடக்கிறதா, வெளியே செல்வது எது? இதற்குத் தெளிவான விடை தராத நீட்சியை, எத்தனை நட்சத்திரங்கள் பெற்றிருந்தாலும், நிறுவாதீர்கள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. கண்காணிப்பைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டே பயனர்களின் உலாவல் தரவை விற்றதற்காக, வைரஸ் தடுப்பு மென்பொருள் தயாரிக்கும் அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

அடுத்து, புதுப்பிப்புகள். நீட்சிகள் நம்மைக் கேட்காமலே புதுப்பிக்கப்படுகின்றன. புதிய பதிப்பு கூடுதல் அனுமதி கேட்டால் உலாவி நிறுத்திக் கேட்கும், ஆனால் எல்லாத் தளங்களுக்கும் முன்பே அனுமதி கொடுத்துவிட்ட நீட்சிக்கு மேலும் கேட்க என்ன இருக்கிறது? பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்சி 2020-இல் வேறு கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீம்பொருள் என்று முடக்கியது. ஆகவே உரிமையாளர் மாறினால் அறிவிப்பதும், ஒவ்வொரு பதிப்பிலும் மாறியவற்றைச் சொல்வதும், வங்கி, மின்னஞ்சல் தளங்களில் அதை முற்றிலும் விலக்கிவைக்க வழி தருவதும் அவசியம். குரோமில் நீட்சியின் தள அணுகலை ‘சொடுக்கும்போது மட்டும்’ என்று மாற்றலாம். ஆனால் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டிய கருவிக்கு அந்த ஏற்பாடு அவ்வளவாக உதவாது.

நீட்சியை நீக்கியதோடு வேலை முடியவில்லை, ஏனெனில் ஏற்கெனவே சென்ற முகவரிகள் திரும்பி வரப்போவதில்லை. எல்லாக் கணக்குகளிலும் பிற அமர்வுகளை வெளியேற்றி, கடவுச்சொற்களை மாற்றி, பகிர்ந்திருந்த ஆவண இணைப்புகளை ஒவ்வொன்றாக மூடினேன். அவற்றில் சில பிறர் என்னை நம்பி அனுப்பியவை. அவர்களுக்கு நடந்ததைச் சொல்லி எழுதிவருகிறேன், இன்னும் இருவருக்கு எழுத வேண்டியிருக்கிறது.