டாப்பிகல் மெமரி சிஸ்டம்: தமிழில் வசனம் மனனம் செய்பவருக்கு உதவுமா?

டாப்பிகல் மெமரி சிஸ்டம் என்பது வேதாகம வசனங்களைத் தலைப்பு வாரியாக மனனம் செய்வதற்கான சீட்டுத் தொகுப்பு. அமெரிக்கக் கடற்படை வீரர்களிடையே டாசன் ட்ராட்மன் 1933-இல் தொடங்கிய நேவிகேட்டர்ஸ் என்ற கிறிஸ்தவ ஊழியத்தின் வெளியீடு இது. 30 தலைப்புகள், தலைப்புக்கு 2 வசனம், ஆக 60 வசனங்கள். சட்டைப் பையில் அடங்கும் அச்சுச் சீட்டுகளாக வருகிறது. வாரம் 2 வசனம் வீதம் 30 வாரத்தில் முடித்துவிடலாம்.

இதன் பலம் சொல்லும் வரிசையில் இருக்கிறது. முதலில் தலைப்பு, பிறகு இருப்பிடம் (புத்தகம், அதிகாரம், வசன எண்), வசனம், கடைசியில் மறுபடியும் இருப்பிடம். வசனம் நினைவிருந்தும் அது எங்கே இருக்கிறது என்று தடுமாறுவதுதான் நம்மில் பலருக்கும் உள்ள தொல்லை. இருப்பிடத்தை இரண்டு முறை சொல்வது அதைச் சரியாக்கிவிடுகிறது. தலைப்போடு படித்ததால், ஜெபத்தைப் பற்றிப் பேசும்போது பிலிப்பியர் 4:6-7 தானாக வாயில் வரும்.

ஆங்கிலப் பதிப்பை வாங்குபவர்கள் வசனங்களைத் தமிழில் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே மொழிபெயர்ப்பைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். பழைய திருப்புதலில் பாதியும் திருவிவிலியத்தில் பாதியுமாகப் படித்தால் இரண்டின் சொற்களும் கலந்து, எதுவும் முழுதாக நிற்காது. நீண்ட வசனத்தை மூச்சு விடும் இடங்களில் மடக்கி எழுதுங்கள். பிலிப்பியர் 4:6 இப்படி வரும்:

நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், /
எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை /
ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் /
தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

தமிழில் வினை கடைசியில் வருவதால், நடுவில் ஒரு துண்டு விட்டுப்போனாலும் வாக்கியம் முடிந்துவிடும், விட்டது தெரியாது. மேலே உள்ளதில் அடிக்கடி தவறுவது ‘ஸ்தோத்திரத்தோடே’. அதனால் கடைசித் துண்டை முதலில் படித்து, அதற்கு முந்தையதைச் சேர்த்து, பின்னிருந்து முன்னாக ஏறுங்கள். சீட்டைப் பார்த்தபடியே பலமுறை வாசிப்பது மனனம் ஆகாது. மூடிவைத்துச் சத்தமாகச் சொல்லி, திறந்து சரிபார்க்க வேண்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு: வசனம் தன் பத்தியிலிருந்து கழன்று வருகிறது. ஐக்கியம் என்ற தலைப்பில் மத்தேயு 18:20 வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தில் கர்த்தர் இருக்கிறார் என்பது ஆறுதல்தான். ஆனால் அந்தப் பகுதி 15-ஆம் வசனத்தில், குற்றம் செய்த சகோதரனை எப்படித் திருத்துவது என்று தொடங்குகிறது. சீட்டு மட்டும் படித்தவருக்கு அது தெரிய வழியில்லை. பிலிப்பியர் 4:6-க்கு முன்னால், 5-ஆம் வசனத்தின் முடிவில், ‘கர்த்தர் சமீபமாயிருக்கிறார்’ என்று இருக்கிறது. கவலைப்படாதிருக்கச் சொல்லும் கட்டளை அந்த வாக்குறுதியின்மேல் நிற்கிறது, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டையும் எடுக்கும் நாளில் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

பலர் இடையில் நின்றுபோவதற்குக் காரணம், புதியதைச் சேர்த்துக்கொண்டே போய்ப் பழையதை விட்டுவிடுவதுதான். பழையது தடுமாறினால் அந்த வாரம் புது வசனம் வேண்டாம். 60-ம் முடிந்தபின் நாளுக்குப் பத்து வீதம் திங்கள் முதல் சனி வரை சொன்னால், வாரம் ஒருமுறை எல்லாமே வந்துவிடும்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கும் வாலிபர் குழுக்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஞாயிறு பள்ளியிலேயே இந்த வசனங்களில் பாதியைப் படித்தவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் சங்கீதம் 103-ஐயோ ரோமர் 8-ஐயோ முழு அதிகாரமாக எடுத்துக்கொள்ளலாம்.